முதல் அடி மட்டும்

அவரோடு சைக்கிள் ரிக்‌ஷாவில் போவது ரிக்‌ஷாக்காரருக்குத் தண்டனை. பேருந்து நிலையத்தில் ஏறும்போது பெரிய மார்க்கெட் என்று சொல்லி, எந்தெந்தத் தெரு வழியாக என்பதையும் மடமடவென்று ஒப்பிப்பார். முதல் முனை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லித் தலையை வெளியே நீட்டி எதிரே பார்ப்பார். பிறகு, சற்றுமுன் ஒப்பித்த வழியைக் கைவிட்டுப் புதிதாக ஒன்றை, அதையும் கடைசிவரை, ஒப்பிப்பார். அடுத்த முனையிலும் அப்படியே.

"ஏம்மா, ஒரு தரம் முடிவு பண்ணி சொல்லிடுங்கம்மா. முனைக்கு முனை மாத்துனா நான் மிதிக்கிறதா, திரும்பித் திரும்பி உங்க மூஞ்சப் பாக்குறதா?"

"எடத்த மாத்துனனா? மார்க்கெட்டுதான. வழியத்தான மாத்துறேன்."

"எந்த வழியில போனாலும் மார்க்கெட்டு வந்துடும்மா."

"வரும். எப்ப வரும்? அதோ பாருங்க, மாட்டு வண்டி குறுக்க நிக்கிது."

மாட்டு வண்டி குறுக்கே நின்றுகொண்டுதான் இருந்தது. ரிக்‌ஷாக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், நீங்களாச்சும் சொல்லப்படாதா?" என்றார். நான் சொன்னதில்லை. சொல்லிப் பயனில்லை என்பது ஒரு காரணம். அந்தத் தலை நீட்டலைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடித்திருந்தது என்பது இன்னொன்று.

நாங்கள் இருவரும் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் கணிதத் துறையில் பணியாற்றினோம். எழுபதுகளின் நடுவில் சேர்ந்தோம். சென்ற மாதம் அவருக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "எதிலும் நிலையான முடிவுக்கு வராதவர்" என்று பேசினார். அடுத்து வந்தவர், "பிடித்தால் பிடித்த பிடிதான், அதனாலேயே வாழ்க்கையில் இழந்தார்" என்று பேசினார். ஒரே மனிதரைப் பற்றி ஒரே மேடையில் இரண்டும் சொல்லப்பட்டன. இரண்டுக்கும் கை தட்டினார்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன்.

கல்லூரி முதல்வர் ஒருமுறை எல்லாரிடமும் ஆண்டுப் பாடத்திட்டம் கேட்டார். நாங்கள் வழக்கம்போல் பழையதைப் பார்த்து எழுதிக் கொடுத்தோம். இவர் கொடுத்தது ஆண்டின் ஒவ்வொரு வாரத்துக்கும் நுணுக்கமாகப் போட்டது. அதன் அடியில் ஒரு வரி: முதல் வாரம் மட்டுமே உறுதி. முதல்வர் கூப்பிட்டனுப்பினார். வேறு வேலையாக நானும் அந்த அறையில் இருந்தேன்.

"மீதி வாரமெல்லாம் உறுதியில்லன்னா அத எதுக்கும்மா எழுதுனீங்க?"

"மீதிய யோசிக்காம முதல் வாரத்த எப்டி சார் முடிவு பண்றது?"

"அப்ப ரெண்டாவது வாரம்?"

"பசங்களுக்கு எவ்ளோ ஏறிச்சின்னு பாத்துட்டு மறுபடி மொத்தத்தையும் போடுவேன்."

"வாரா வாரமா?"

"ஆமா சார்."

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். "இவங்களுக்கு வேற வேலையில்ல போல" என்று என்னிடம் சொல்வதுபோல் அவரிடம் சொன்னார். ஆண்டு முழுவதும் இவர் அப்படியே செய்தார். கடைசிவரை யோசிப்பது, முதல் அடியை மட்டும் வைப்பது, மீதியைத் தயங்காமல் அழிப்பது, எங்கே வந்து நிற்கிறோம் என்று பார்ப்பது, மறுபடி கடைசிவரை யோசிப்பது. இது அவருடைய குணமா, அவர் ஆராய்ந்த கணிதம் அவருக்குள் இறங்கிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டபோது, "கணக்கு அப்புறம்தான் வந்துது" என்றார்.

கணக்கு ஒரு பிரெஞ்சு ஆய்விதழ் வழியாக அவரிடம் வந்தது. அவருடைய வீட்டில் பிரெஞ்சு புழங்கும். தகப்பனார் பிரெஞ்சு நிர்வாகத்தில் எழுத்தராக இருந்தவர். அண்ணன் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்றவர், ஊர் வழக்கில் சொல்தா. கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு நூலகம் இருந்தது. அங்கே சனிக்கிழமைகளில் போய், யாரும் தொடாத தொழில்நுட்ப இதழ்களைப் புரட்டுவார். எண்ணெய் காய்ச்சி வடிக்கும் கோபுரங்களின் சூட்டைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை. சற்று தூரம் முன்னே கணித்துப் பார், முதல் கட்டளையை மட்டும் கொடு, விளைவை அளந்து மறுபடி கணி என்பதே அதன் சாரம். அதை வாசித்துவிட்டு வந்து, "சார், நான் ரிக்‌ஷாவுல பண்றத எவனோ பிரான்ஸ்ல எண்ணெய்க்குப் பண்ணியிருக்கான்" என்றார்.

அப்போது அவர் சென்னையில் ஒரு பெரிய கல்வி நிறுவனத்தின் பேராசிரியரிடம் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். பூமியைச் சுற்றும் ஒரு விண்கலத்தை, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் இன்னொன்றின் அருகே கொண்டுபோய் மெல்லச் சேர்ப்பது எப்படி என்பது அவருடைய ஆய்வுப் பொருள். பட்டம் வந்தால் பதவி உயர்வு. பதிவுக் காலம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அத்தனை ஆண்டு உழைப்பும் கணக்கில் வராது. இது எங்கள் துறை முழுவதற்கும் தெரிந்த செய்தி.

ஆசிரியர் அறையில் எங்களுக்கு விளக்கினார். அதே சுற்றுப்பாதையில் முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகம் கூட்டக் கூடாது. கூட்டினால் பாதை உயர்ந்துவிடும், உயர்ந்த பாதையில் சுற்று நீளும், பின்தங்கிப் போவோம். பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கீழே இறங்குவோம், கீழே சுற்று குறுகும், முந்துவோம். இயற்பியல் துறை நண்பர் ஒருவர், "ப்ரேக் புடிச்சா முந்துறதா, நல்ல கதைங்க" என்று சிரித்தார்.

"உங்களச் சொல்லித் தப்பில்ல சார். இந்த ஊர்ல பிரெஞ்சுக்காரன் தெருவெல்லாம் ஸ்கேல் வெச்சிப் போட்டுட்டுப் போயிட்டான். நேரா போனா எடம் வந்துடும்னு நெனச்சே வளந்துட்டீங்க."

சென்னைப் பேராசிரியர் விரும்பிய தீர்வு வேறு. கலம் போக வேண்டிய பாதையைத் தரையிலேயே ஒருமுறை மிகச் சிறப்பாகக் கணித்து, மேலே அனுப்பி, கலத்தை அதன்படி நடக்க வைப்பது. இவர் அதை ஏற்கவில்லை. கலமே தன் நிலையை அளந்து, ஒவ்வோர் அடிக்கும் மொத்தப் பாதையையும் மறுபடி கணித்துக்கொள்ள வேண்டும் என்றார். இதைச் சோதித்துக் காட்ட அந்த நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டர் தேவை. கட்டளைகளையெல்லாம் அட்டைகளில் துளையிட்டு, வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கி, பேருந்தில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்ததால் முதல்முறை உடன் போனேன்.

அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு, புதுச்சேரியில் இல்லை. எல்லையிலுள்ள கோரிமேட்டைத் தாண்டியதும் பேருந்தை நிறுத்திப் பாட்டில் தேடுவார்கள். காவலர் ஒருவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கனமா இருக்குது?"

"கார்டு."

"சீட்டாட்டமா?"

"அப்டித்தான் வெச்சிக்கங்க. வரிச கலஞ்சா ஆட்டம் போச்சி."

காவலர் நம்பவில்லை. அடியில் ஏதும் இருக்கிறதா என்று கை நிறைய அட்டைகளை உருவினார். "எல்லாம் ஓட்டையால்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு, கிடைத்த இடத்தில் செருகிவிட்டு இறங்கிப் போனார்.  இவர் பெட்டியை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். அட்டைகளின் மேல் விளிம்பில், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மையால் ஒரு சாய்கோடு இழுத்திருந்தார். இடம் மாறிய அட்டைகளில் கோடு உடைந்து தெரிந்தது. திண்டிவனம் வருவதற்குள் கோடு மறுபடி நேரானது.

அந்த முதல் சோதனை தோற்றது. வேடிக்கையான தோல்வி. அச்சிட்டு வந்த தாள்களில் கலம் ஒவ்வோர் அடியிலும் மிக அழகான திட்டம் தீட்டியிருந்தது: இப்போது ஏறக்குறைய சும்மா இரு, பிறகு உந்தி எஞ்சினை எரி, பிறகு போய்ச் சேர். அடுத்த அடியிலும் அதே திட்டம். அதற்கடுத்ததிலும். "பிறகு" வரவே இல்லை. எதிரே இருந்த கலம் அதே தொலைவில் சுற்றிக்கொண்டிருக்க, இவருடைய கலம் எரிபொருளை மிச்சம் பிடித்துக்கொண்டு, போய்ச் சேரும் பயணத்தை இடைவிடாமல் திட்டமிட்டபடி நின்ற இடத்தில் நின்றது.

பேராசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டு, "உங்க ஊர்க் கலமாச்சே. மத்தியானம் கடையைச் சாத்திட்டுத் தூங்குது" என்றார். அந்த அறையில் அதற்கு அதிகம் சிரித்தவர் இவர்தான். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது. திரும்பும் பேருந்தில் தாள்களை மடியில் விரித்துப் புரட்டிக்கொண்டே வந்தார். மதுராந்தகம் ஏரியைக் கடந்தபோது என் கையைத் தட்டி, "சன்னல நான்தான் நகத்திட்டே போயிட்டேன்" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை நான் எளிதாகச் சொல்கிறேன். கலம் எவ்வளவு தூரம் முன்னே பார்க்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு வைத்திருந்தார்; சன்னல் என்றது அதைத்தான். கலம் ஓர் அடி நகர்ந்தால் அந்தப் பார்வையின் முடிவும் ஓர் அடி தள்ளிப் போனது. முடிவு தள்ளிப் போகப் போக, செலவுள்ள வேலையையும் தள்ளிப்போட இடம் கிடைத்துக்கொண்டே இருந்தது. முன்னே பார்த்துத் திட்டமிடுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. திட்டமே இல்லாதவர் என்றைக்காவது போய்ச் சேர்ந்திருப்பார். அதனால் இவர், சேர வேண்டிய நேரத்தை அசையாமல் நட்டுவிட்டார். வழியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள். அந்த நேரத்தை மாற்றாதே. அடுத்த சோதனையில் கலம் போய்ச் சேர்ந்தது.

அதோடு நிற்கவில்லை. ஓர் உந்தி பாதி வலுவை இழந்துவிட்டதாக வைத்து இரண்டு முறைகளையும் ஓட்டினார். தரையில் போட்ட சிறப்பான பாதையில் போன கலம் இலக்கைத் தவறவிட்டு விலகிப் போனது. மறுபடி மறுபடி கணித்த கலம், பழுது என்னவென்று தெரியாமலே, அளந்து, திருத்தி, சேர்ந்தது.

பேராசிரியர் கெட்டவர் அல்லர். கணக்கில் பிழையில்லை என்று அவரே சொன்னார். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் இத்தனை கணக்கைப் போட ஓர் அறையை அடைக்கும் இயந்திரம் வேண்டும்; அதைக் கலத்துக்குள் எப்படி ஏற்றுவது? தேர்வாளர்கள் சிரிப்பார்கள் என்று அஞ்சினார். பதிவுக் காலம் முடியும் தறுவாயில் ஒரு நிபந்தனை வைத்தார். அத்தியாயங்களை நீக்க வேண்டாம். முடிவுரையில் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்: இம்முறை நடைமுறைக்கு ஒவ்வாதது. சேர்த்தால் கையெழுத்திடுவார்.

நாங்கள் எல்லாரும் சேர்க்கச் சொன்னோம். அவருடைய அண்ணன் வீட்டில் ஒரு ஞாயிறு மதியம் இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது. அண்ணன் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விடும் முடிவில் இருந்தார். தங்கையையும் அழைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு வரி. எழுதிட்டு வா. தொக்தர் பட்டத்தோட வந்தா அங்க மரியாதயே வேற."

"அந்த வரி பொய்ண்ணே."

"நீ இன்னா, கோயில்ல சத்தியமா பண்ணப் போற? மேல இருக்கறவன் ஆர்டர் போட்டா செய்யணும். இருபது வருசம் நான் இன்னா செஞ்சேன்? நடுவுல நின்னு யோசிக்கிறவன் சண்டையில செத்துடுவான்."

"யோசிக்காததாலதான்ண்ணே நெறைய பேரு செத்தான். நீங்கதான் சொன்னீங்க."

அண்ணன் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். அண்ணி எழுந்து உள்ளே போனார். அண்ணன் என் பக்கம் திரும்பி, "முசியே, நீங்க சொன்னா கேக்கும்" என்றார்.

நான் என்னால் இயன்ற அளவு நியாயமாகச் சொன்னேன். அந்த வாக்கியம் பொய்யல்ல, இன்றைய நிலையைச் சொல்வது. நாளை நிலை மாறினால் வாக்கியம் தானே உதிர்ந்துவிடும் என்றேன். இவர் கவனமாகக் கேட்டார். பிறகு, "அப்ப நானும் இன்றைய நிலைய எழுதறேன் சார்" என்றார்.

எழுதினார். பேராசிரியரின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அதை முழுமையாக்கினார்: இம்முறை இன்று கலங்களில் ஏற்றத்தக்க கணிப்பொறிகளுக்கு ஒவ்வாதது; குறை கணிப்பொறிகளுடையது. பேராசிரியர் அரைப்புள்ளிக்குப் பின்னால் உள்ளதை நீக்கச் சொன்னார். அதை நீக்கினால் முன்னால் உள்ளதும் போகும் என்றார் இவர். பேச்சு அவ்வளவுதான். ஆய்வேட்டின் படிகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். பதிவு காலாவதியானது.

மறுநாள் முதல் வகுப்புக்குச் சரியான நேரத்துக்கு வந்தார்.  அண்ணன் குடும்பம் பிரான்சுக்குப் போனது. இவர் போகவில்லை. ஆய்வின் மையப் பகுதியைப் பிரெஞ்சில் சுருக்கி ஓர் இதழுக்கு அனுப்பினார், அது வெளிவந்தது. வெளிவந்த அன்று ஆசிரியர் அறைக்கு இதழைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எங்களில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. "படம் இருக்கு, பாருங்க" என்றார்.

காலம் போனது. எனக்குப் பட்டம் இருந்தது; நான் துறைத் தலைவரானேன். அவர் எனக்குக் கீழே பணியாற்றினார் என்று அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். புதிதாக வந்தவர்கள் அவரை விடப் பத்து வயது இளையவர்களாக இருந்தும் அவருக்கு மேலே போனார்கள். அவர்களில் ஒருவர், "மேடம் ஏன் பிஎச்.டி. முடிக்கல?" என்று வெள்ளந்தியாகக் கேட்டபோது, "முடிச்சிட்டேம்மா. அவங்கதான் இன்னும் முடிக்கல" என்றார்.

எண்பதுகளின் இறுதியில் எங்கள் கல்லூரிக்கு மேசைக் கம்ப்யூட்டர் வந்தது. குளிரூட்டிய அறையில் திரை போட்டு மூடி, செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும்படி வைத்திருந்தார்கள். சில வாரங்களில் அவர் தம்முடைய முறை முழுவதையும் அதற்குள் ஏற்றிவிட்டார். அட்டைப் பெட்டியும் இல்லை, பேருந்தும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் கலம் நகர்ந்தது.

அந்த ஆண்டு பேராசிரியர் புதுச்சேரிக்கு வந்தார். ஓய்வுபெற்றிருந்தார். கடற்கரைக்கு வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று லாஸ்பேட்டைக்கும் வந்தார். இவர் அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார்.

"பழுது எதுன்னு நீங்களே குடுங்க சார்."

பேராசிரியருக்கு அந்த விளையாட்டு பிடித்துவிட்டது. ஓர் உந்தியை நிறுத்தினார். கலம் சேர்ந்தது. உந்தியை நிறுத்தி, தொலைவை அளக்கும் கருவியிலும் பிழை வைத்தார். கலம் தடுமாறி, கீழே இறங்கி, முந்தி, ஏறி, மெல்ல வந்து சேர்ந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"திரும்பப் பதிவு பண்ணுங்கம்மா. நான் எழுதித் தரேன். யாரும் மறுக்க மாட்டாங்க."

"அந்த வாக்கியம் சார்?"

"அது அந்தக் காலத்துக்குச் சரி. இப்ப அது தேவையில்ல."

"அந்தக் காலத்துக்கும் கணக்கு சரியாத்தான் சார் இருந்துது. வாக்கியம்தான் தப்பு. அத நீங்க சொல்லிட்டா இன்னைக்கே பதிவு பண்றேன்."

பேராசிரியர் சிரிக்க முயன்றார். "இவ்வளவு வருஷம் கழிச்சு அதையே புடிச்சிக்கிட்டு இருக்கீங்களே."

"வேற எத சார் புடிச்சிக்கிறது? நீங்க அன்னைக்கு வாக்கியத்த எழுதுனா பட்டம்னீங்க. இன்னைக்குப் பேசாம இருந்தா பட்டம்ங்கறீங்க. ரெண்டுலயும் தப்பு என்னோடதுன்னு ஆவுது."

நான் இவருடைய துறைத் தலைவர். ஏதாவது சொல்லியிருக்கலாம்.  பேராசிரியர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு புள்ளிகள் ஒட்டி நின்றன. பிறகு எழுந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். இவர் வாசல்வரை போய், செருப்பு மாட்டும்வரை நின்று, ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் தாம் குடிக்காமல் வைத்திருந்த தேநீரை எடுத்துக் குடித்தார். ஆறியிருந்தது.  ஓய்வுபெறும்வரை விரிவுரையாளராகவே இருந்தார்.

அடக்கம் முடிந்த வாரத்தில் அவருடைய அண்ணன் மகன் பிரான்சிலிருந்து தொலைபேசினான். நல்ல பையன். அத்தைமேல் அன்புள்ளவன். கல்லறைக் கல்லுக்கான ஏற்பாட்டை என்னிடம்தான் ஒப்படைத்திருந்தான்.

"அங்கிள், அத்த பேருக்கு முன்னாடி தொக்தர்னு போட்டுடுங்க. அப்பாவுக்கும் அதான் ஆச. அது வந்திருக்க வேண்டியதுதான. யாரு கேக்கப் போறா?"

"வேண்டாம்ப்பா."

"மரியாதைக்குத்தான அங்கிள்."

"தெரியும். வேண்டாம்."

அவன் வருத்தத்தோடு வைத்துவிட்டான். நான் கல் செதுக்குபவரிடம் போனேன். கரும்பலகைபோல் இழைத்த கல்லில் சுண்ணக்கட்டியால் பெயரைக் குறித்திருந்தார். பெயருக்கு முன்னால் ஒரு கையகலம் வெறுமையாக இருந்தது.

"பிரான்ஸ் தம்பி போன்ல சொன்னாரு சார், பட்டம் வரும்னு. எடம் வுட்டு வெச்சிருக்கேன். இன்னா எழுத்துன்னு சொல்லுங்க."

"எதுவும் இல்ல."

"அப்ப எடம் சும்மா கெடக்குமே சார்."

"எடம் விடாதீங்க. அழிச்சிட்டு, ஓரத்துலேருந்தே பேர ஆரம்பிங்க."

அவர் ஈரத்துணியால் துடைத்தார். நான் நின்று பார்த்தேன். அவர் முதல் எழுத்தைக் கல்லின் விளிம்பை ஒட்டிப் பெரிதாக வரைந்தார்.